சிக்கனக் கேமிங் கணினி

கேமிங் கணினிக்கான பட்ஜெட்டில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். நடைமுறையில் அது வண்ண விளக்கு மின்னும் கேபினெட்டுக்குப் போகிறது. விளக்கால் ஒரு ஃபிரேம்கூடக் கூடுவதில்லை. ப்ராசசரில் ஆறு கோர் இருந்தாலே பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். 2022இல் வந்த ரைசன் 5 5600 பயாஸைப் புதுப்பித்த பழைய ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பொருந்திவிடும். ரேமை 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்காக வாங்காமல் 8 ஜிபி இரண்டாகப் போட்டால் டூயல் சேனலில் ஓடும்.

மிச்சம் பிடிக்கும் ஞானம் எல்லோருக்கும் பவர் சப்ளையில்தான் உதிக்கிறது. பெயர் தெரியாத டப்பாவின் மேல் 500 வாட் என்று அச்சடிக்க மை இருந்தால் போதும். அது கருகும்போது சில சமயம் கிராபிக்ஸ் கார்டையும் துணைக்கு அழைத்துக்கொள்ளும். தப்பிப் பிழைத்த கணினி பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இணைக்கப்படுகிறது. உள்ளே 144 ஃபிரேம் ஓடினாலும் அது நொடிக்கு 60 முறைதான் திரையைப் புதுப்பிக்கும்.