ஆப்பசோடா அறிஞர்

புற்றுநோய் கண்ட வீட்டிற்கு, பரிசோதனை முடிவின் மை காயுமுன்பே வந்து சேர்ந்துவிடும் மனிதர் ஒருவர் உண்டு. கையில் அரை டஜன் சாத்துக்குடியும் கைப்பேசியில் நாற்பது வாட்ஸ்அப் செய்திகளுமாக நுழையும் அவரை, வேறு தக்க பெயர் இன்மையால், ஆப்பசோடா அறிஞர் என வழங்கலாம்.

உடல் அமிலமயமாவதால் புற்று வளர்கிறது என்றும், ஆகவே காரத்தன்மை தரும் உப்புகளை, அதாவது சோடியம் பைகார்பனேட் எனப்படும் ஆப்பசோடாவையோ சீசியம் குளோரைடையோ உட்கொண்டால் கட்டி கரைந்துவிடும் என்றும் அவர் சாதிப்பார். இரத்தத்தின் அமில-கார அளவை நுரையீரலும் சிறுநீரகமும் 7.35க்கும் 7.45க்கும் இடையே கட்டிக்காப்பதும், மிகுதியாக உண்ட சோடா சிறுநீரோடு போய்விடுவதும், சீசியம் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கி உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்பதும் அவருக்கு எட்டாதவை. அவர் காரமென்று பரிந்துரைக்கும் எலுமிச்சை எப்படிக் காரமாகும் என்று கேட்டால், அது நாக்கில் அமிலம், உள்ளே காரம் என்பார். இவ்விடத்தில் வேதியியல் வேதாந்தமாகிவிடுகிறது.

வரலாற்றிலும் அவருக்குப் பயிற்சி உண்டு. ஆனால் எந்தப் பேருந்திலும் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிடுவார். இருமுறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், யுவான் கேமரனுடன் சேர்ந்து, நாளொன்றுக்கு 10 கிராம் வைட்டமின் சி பெற்ற நோயாளிகள் நெடுநாள் வாழ்ந்ததாக 1976இல் எழுதியதை ஆண்டு பிசகாமல் சொல்வார். அதே அளவை வாய்வழியே கொடுத்து அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் நடத்திய ஆய்வுகள் 1979இலும் 1985இலும் பயனில்லை எனக் காட்டியது அடுத்த நிறுத்தத்தில் இருப்பதால் அவர் கண்ணில் படுவதில்லை. புற்றுநோய் என்பதே ‘வைட்டமின் பி17’ குறைபாடுதான் என்பது அவருடைய மற்றொரு துணிபு. அப்படியொரு வைட்டமினே கிடையாது. வாதுமைக்கொட்டை வகைகளிலிருந்து பெறும் அமிக்டலின் என்ற பொருளுக்கும் அதன் திரிபான லேட்ரிலுக்கும் இட்ட வியாபாரப் பெயர் அது; அப்பொருளோ வயிற்றில் சென்று சயனைடை வெளிவிடுவது. 178 நோயாளிகளிடம் லேட்ரிலைச் சோதித்து 1982இல் வெளியான ஆய்வில் ஒருவரும் குணமடையவில்லை.

நோயாளி மருத்துவமனைச் சிகிச்சையால் தேறினால் அது சோடாவின் வெற்றி. தேறாவிட்டால், பால் சேர்த்துக்கொண்ட குற்றம்.

அடுக்களையிலிருந்து பஜ்ஜியின் மணம் எழுந்ததும், உணவுக்கு அரைமணி முன்பு உண்ணுமாறு மருத்துவர் எழுதித்தந்த பான்டோபிரசோல் மாத்திரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விழுங்கிவிட்டு, மாவில் ஆப்பசோடா போட்டிருக்கிறதா என்று கவலையோடு விசாரிப்பார். அது அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம்.