கணக்கு டீச்சர் பதில்கள்

கே: பெங்களூரில் ஐ.டி. கம்பெனிகள் சம்பளத்தை அள்ளிக் கொடுக்கும்போது, ஹைஸ்கூலில் சாக்பீஸ் பிடித்து என்ன கண்டீர்கள்? (அல்சூர் வாசகர்)

ப: அங்கே மாதம் ஒருமுறை தருவார்கள். இங்கே பீரியடுக்கு ஒருமுறை கிடைக்கிறது.

கே: அப்படி என்னதான் கிடைக்கிறது? (ஸ்ரீராமபுரம் வாசகி)

ப: ஏ-யையும் பி-யையும் கூட்டி ஸ்கொயர் எடுக்கச் சொன்னால், பாதி வகுப்பு ‘ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்’ என்று எழுதி வைக்கும். தப்பு என்று அடித்துவிட்டால் நாளைக்கும் அதையேதான் எழுதுவார்கள். அதனால் ஏ-க்கு 3, பி-க்கு 4 போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. மீதி 24 எங்கே போச்சு? கட்டம் போட்ட நோட்டில் ஏழுக்கு ஏழு சதுரம் வரையவேண்டும். ஒரு மூலையில் மூன்றுக்கு மூன்று, எதிர் மூலையில் நாலுக்கு நாலு என்று பென்சிலால் தீட்டினால், மற்ற இரண்டு மூலைகளில் ஆளுக்கொரு செவ்வகம் வெள்ளையாக நிற்கும். ஒவ்வொன்றும் 12 கட்டம். அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் சட்டென்று எழுந்து, “மிஸ், அதுதான் டூ ஏபி!” என்பாள். அன்றிலிருந்து அந்தச் சூத்திரம் அவளுடையது. மறுநாள் பக்கத்துப் பிள்ளைக்கு அவளே சொல்லிக் கொடுப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

கே: சகுந்தலா தேவி பிறந்த ஊர் இது. கணக்கென்றால் வேகம்தானே? (ஜெயநகர் வாசகர்)

ப: 1980-ல் லண்டன் இம்பீரியல் காலேஜில் இரண்டு 13 இலக்க எண்களை மனதிலேயே பெருக்கி, 28 விநாடியில் விடை சொன்னவர் அவர். நினைத்தாலே சிலிர்க்கிறது. ஆனால் வகுப்பில் வேகத்துக்கு மட்டுமே கைதட்டினால், நிதானமாக யோசிக்கிற பிள்ளை பேனாவை மூடி வைத்துவிடும். “ஏன் மிஸ்?” என்று கேட்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான்.

கே: மைனஸ் நம்பருக்கு ஏன் வர்க்கமூலம் இல்லை என்று என் மகன் குடைகிறான். சிலபஸிலேயே இல்லையே! (கே.ஆர். புரம் வாசகி)

ப: முதலில் அவனுக்கு ஒரு சபாஷ். ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய கர்நாடகத்தை ஆண்ட ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்தில், கணித அறிஞர் மகாவீரர் ‘கணித சார சங்கிரகம்’ எழுதினார். மைனஸ் எண் எதற்கும் வர்க்கமாகாது, ஆகவே அதற்கு மூலமும் இல்லை என்று அதில் தீர்த்துச் சொன்னார். 1912-ல் சென்னைப் பேராசிரியர் ரங்காச்சாரியார் அந்த நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பி.யூ.சி.யில் கற்பனை எண்கள் வரும்போது கதை வேறு திசையில் போகும். மகனை விடாமல் குடையச் சொல்லுங்கள்.

கே: எத்தனை சென்டம் எடுக்க வைத்தீர்கள்?

ப: சென்டம் எடுத்தவர்கள் நான் இல்லாவிட்டாலும் எடுத்திருப்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்று ஸ்வீட் பாக்ஸோடு வருவது, பெயிலாகிவிடுவோமென்று பயந்து பாஸானவர்கள்.

கே: கணக்கு வாத்தியாரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

ப: சென்னை முத்தியால்பேட்டை ஹைஸ்கூலில் பி.கே. சீனிவாசன் என்றொரு கணக்கு ஆசிரியர் இருந்தார். கணித மேதை ராமானுஜனின் கடிதங்களையும் அவரோடு பழகி அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1968-ல் அவை இரண்டு தொகுதிகளாக வந்தன. வெளியிட முன்வந்தவர்களில் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களும் உண்டு.

கே: பெற்றோர் நாங்கள் என்ன செய்யலாம்?

ப: “எனக்கும் கணக்கு வராது” என்று பிள்ளை எதிரில் சொல்லாதீர்கள். மார்க் எவ்வளவு என்பதை அப்புறம் கேட்கலாம். இன்று எந்தக் கணக்கில் சிக்கினாய் என்று கேட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.