பழைய டிடெக்டர் கொள்ளல் இயல்

தண்ணீரில் போன பொன்னைத் தேடி எடுப்பது தமிழருக்குப் புதிதன்று. திருமுதுகுன்றத்தில் இறைவன் தந்த 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்தார் என்பது பெரியபுராணச் செய்தி. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் இன்றும் சொல்வது இதைத்தான். ஆய்வாளர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மனைவி பரவை நாச்சியார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேடுகிறவனுக்கு இதைவிட நெருக்கடி வேறில்லை. மற்றொன்று, சுந்தரர் கையில் கருவி ஏதும் இல்லை, பதிகம் இருந்தது. பதிகம் பாட வராதவர்கள் எதைக் கொண்டு தேடுவது, அதை எவ்வளவு மலிவாக வாங்குவது என்பதற்கு விடை காண்பதே இவ்வியலின் நோக்கம்.

ஆய்வைத் தூண்டியவர் என் சகலை. அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில், வீரோ பீச் என்ற ஊரில் இருக்கிறார். முதுகில் காற்றுருளை கட்டிக்கொண்டு கடலடியைப் பார்த்து வருவது அவருக்குப் பொழுதுபோக்கு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை 15 அடி ஆழத்தில் அவருடைய தலைதீபாவளி மோதிரம் நழுவிவிட்டது. குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும். வெயிலுக்குப் பூசிய கிரீம் வழுக்கும். இரண்டும் கூடினால் மோதிரம் இறங்கும். இதனை மோதிர நழுவல் விதி என்க.

அரைப் பவுன்தானே, அதேபோல் ஒன்று செய்து போட்டுக்கொண்டால் என்ன? எனின், அற்றன்று. எங்கள் மாமனார் முப்பது வருடம் வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவர். வீடியோ அழைப்பில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்பு விரலைப் பார்ப்பார். உரைகல் இல்லாமலே மாற்றுச் சொல்லுவார்.

“அண்ணா, பழைய மெட்டல் டிடெக்டர் ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். நீங்க ரிசர்ச் பண்ணின ஆளாச்சே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்” என்றார் சகலை. என் முனைவர் பட்ட ஆய்வு சங்க இலக்கியத்தில் ஆம்பல் பற்றியது. நீர் சம்பந்தப்பட்டதுதான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

முதலில் மலிவு என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். எந்த விலையை மனைவியிடம் முழுதாகச் சொல்ல முடிகிறதோ அது மலிவு. பாதியாக்கிச் சொல்ல நேர்வது நடுத்தரம். சொல்லவே முடியாதது புதுக்கருவி. முழுக்குக்கு என்றே செய்யப்படும் மைன்லேப் எக்ஸ்காலிபர் போன்றது புதிதாக அப்போது ஏறத்தாழ 1,500 டாலர். தொலைந்ததோ 4 கிராம். ஆகவே பழையதுதான் என்பது ஆய்வுக்கு முன்பே முடிவாகிவிட்டது. ஆய்வுகள் பலவும் இப்படித்தான்.

அடுத்தது நீர்புகாமை. இச்சொல்லால் கெட்டவர் பலர். விளம்பரத்தில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றிருக்கும். எத்தனை மீட்டர் வரை என்பது அதனடியில் எறும்பெழுத்தில் இருக்கும். காரெட் ஏடி ப்ரோ, மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800, நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் ஆகியவை 3 மீட்டர், அதாவது 10 அடி வரைதான். அவை கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவருக்கானவை. எக்ஸ்பி டியூஸ் 2 என்பது 20 மீட்டர் தாங்கும். எக்ஸ்காலிபர், காரெட் சீ ஹண்டர், டெசோரோ சாண்ட் ஷார்க் ஆகியவை 200 அடி. ஃபிஷர் சிஇசட்-21 அதற்கும் மேல் 250 அடி. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலம் அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் எழுத்துருவின் அளவைப் பார்ப்பதில்லை.

“ஒரு ஆள் உயரம்கூட இல்ல, ஐஞ்சடிதானே அண்ணா கூட?” என்று கேட்ட சகலை, நான் விடை எழுதி முடிக்கும் முன்பே 10 அடிக் கருவி ஒன்றை வாங்கி 15 அடியில் இறங்கிவிட்டார். ஆறு நிமிடத்தில் அதன் கண்ணாடித் திரைக்குள் தண்ணீர் மட்டம் தெரிந்தது. செய்தவர்கள் மேல் குற்றமில்லை, அவர்கள் எழுதித்தான் வைத்திருந்தார்கள். அக்கருவி இப்போது வாசலில் செடித்தொட்டிக்கு முட்டாக நிற்கிறது. பரவை நாச்சியார் பாத்திரத்தை என் கொழுந்தியாள் ஏற்றது அன்று மாலை.

இனி உப்பு. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அலைவரிசையில் இயங்கும் கருவிக்குக் கடல் முழுவதும் ஒரு பெரிய அரைகுறை உலோகமாகத் தோன்றுவதால், நல்ல கருவியும் கடலில் இறங்கினால் ஒப்பாரி வைக்கும். இதற்குக் கண்ட வழிகள் இரண்டு. பல அலைவரிசைகளை ஒருசேர அனுப்பி, உப்பின் குரலைக் கணக்குப் பண்ணிக் கழித்துவிடுவது ஒன்று, எக்ஸ்காலிபர் 1.5 முதல் 25.5 கிலோஹெர்ட்ஸ் வரை 17 அலைவரிசைகள் என்று சொல்லிக்கொள்ளும். மற்றது ‘பல்ஸ்’ வகை. காயில் என்கிற கம்பிச்சுருளில் பாயும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும்பி மெல்ல அடங்கும். கடல்நீரில் எழுவது உடனே அடங்கிவிடும். நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம் பொறுத்திருந்து காது கொடுத்தால், உப்பு ஓய்ந்திருக்கும், உலோகம் முனகிக்கொண்டிருக்கும். பொறுமையை அறமாகக் கொண்ட ஒரே மின்னணுக் கருவி இதுவாக இருக்கலாம்.

பல்ஸ் வகையில் ஒரு குறை சொல்வார்கள்: அது இரும்பென்றும் பொன்னென்றும் பிரித்தறியாது. ஆணிக்கும் கத்தும், அட்டிகைக்கும் கத்தும். பிரித்தறியும் கருவியே மேல் என்பது பலர் கொள்கை. மறுக்கிறேன். என்னை? 1960களில் அமெரிக்காவில் பீர், சோடா டப்பாக்களுக்கு இழுத்துப் பிய்க்கிற அலுமினிய வளையம் வந்தது. பிய்த்ததை மணலில் எறிகிற வழக்கமும் கூடவே வந்தது. 1970களில் டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும் மூடி வரும்வரை அந்நாட்டுக் கடற்கரைகளில் இப்படிப் படிந்ததைத் தொல்லியலார் ஒரு தனி மண்ணடுக்காகவே கொள்ளலாம். இந்த வளையமும் நடுத்தர அளவுப் பொன் மோதிரமும் கருவியின் காதுக்கு ஏறக்குறைய ஒரே குரலில் பேசும். வளையம் வேண்டாமென்று பிரித்துத் தள்ளுகிறவன் மோதிரத்தையும் தள்ளுகிறான். எனவே எல்லாவற்றையும் தோண்டு என்பதே இத்துறையின் ஒரே சூத்திரம். அதற்கு மலிவான பல்ஸ் கருவியே போதும்.

காயில் எவ்வளவு ஆழம் பார்க்கும் என்று வெறியோடு கேட்பவர்கள் உண்டு. மோதிரம் போன்ற சிறு பொருளுக்கு ஒரு சாண். மணலும் மனமும் ஒத்துழைத்தால் கொஞ்சம் மேலே. ஒரு முழம் என்கிறவர் கருவி விற்கிறவர். முழுகுபவருக்கு அதைவிட முக்கியம், தண்டு குட்டையாக இருப்பதும், காயில் மிதக்காமலும் புதையாமலும் இருப்பதும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இலவசம் என்று விற்பவர் ஆசை காட்டுவார். அந்த அலை கடல்நீரில் சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும். கம்பி போட்ட ஹெட்ஃபோன்தான் வேண்டும். மணலை விலக்க மேசைப்பந்து மட்டையால் விசிறுவது முழுகுவோர் வழக்கம். இதை அறிந்த அன்று, சகலையின் மகன் மட்டை எங்கே போயிற்று என்ற குடும்பப் புதிரும் தீர்ந்தது.

இப்போது ஆய்வின் நடுநாடிக்கு வருவோம். பழைய பொருள் விற்போரின் மொழிக்கு நிகண்டு ஒன்று இல்லாதது தமிழுக்கு மட்டுமல்ல, உலகுக்கே குறை. ‘இரண்டே தடவைதான் உபயோகித்தது’ என்றால் இரண்டாம் தடவை தண்ணீர் புகுந்தது என்று பொருள். ‘சோதித்துப் பார்க்க பேட்டரி இல்லை’ என்றால் சோதித்தாயிற்று. ‘நல்ல தண்ணீரில் மட்டும் போட்டது’ என்பவரிடம் திருகு மறையின் இடுக்கைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். வெள்ளை உப்பு பூத்திருந்தால் அவர் சொல்லும் ஏரி அட்லாண்டிக்கோடு சேர்ந்தது. ‘என் பெரியப்பா ஆசையாக வைத்திருந்தது’ என்பதுதான் எல்லாவற்றிலும் அபாயமானது. பெரியப்பா போட்ட பேட்டரி உள்ளேயே இருக்கும். ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் முனையைத் தின்றுவிடும். பச்சைப் பாசிபோல் படிந்திருப்பது பாசியன்று, செம்பின் களிம்பு.

‘ஆயுள் உத்தரவாதம் உண்டு’ என்று ஒரு சொற்றொடரும் உலவுகிறது. இதில் யாருடைய ஆயுள் என்பது ஆராய்ச்சிக்குரியது. டெசோரோ நிறுவனம் தன் கருவிகளுக்கு அப்படித்தான் தந்தது. நிறுவனத்துக்கே ஆயுள் முடிந்துவிட்டது. ஒரிகனில் இருந்த வைட்ஸ் நிறுவனமும் 2020இல் மூடிக்கொண்டது. இரண்டின் கருவிகளும் பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன, மோசமானவையும் அல்ல. உதிரிப்பாகத்துக்கு இன்னொரு செத்த கருவியைத்தான் தேட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கலாம்.

என் முடிபு இதுதான்: நாம் வாங்குவது டிடெக்டரை அன்று, அதன் பெட்டிக்குள் இருக்கும் காய்ந்த காற்றை. அந்தக் காற்றைக் காப்பது ஓ-ரிங் என்கிற கறுப்பு ரப்பர் வளையம். தேடப்போவது ஒரு வளையம், அதற்குக் காவல் இன்னொரு வளையம். அது வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் தட்டையாகி நசுங்கியிருக்கிறதா, தலைமுடி ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில காசு பெறும் புது வளையமும் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸும் வாங்கச் சோம்பியவர்களால்தான் பழைய சந்தையே நடக்கிறது.

சோதனை முறை வருமாறு. பேட்டரி அறையில் டிஷ்யூ தாள் ஒன்றை மடித்து வைத்து மூடி, கருவியை ஒரு மணி நேரம் தண்ணீரில் அமுக்கி வைக்கவும். தாள் நனைந்திருந்தால் கைகூப்பி விடைபெறவும். நனையாவிட்டால், பத்து லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட்டில் 350 கிராம் கல்லுப்பைக் கரைக்கவும். கடலின் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். பேட்டரி போட்டுக் காயிலை அதில் இறக்கவும். பக்கெட்டின் இரும்புக் கைப்பிடியைக் கழற்றிவிடவும். இதைக் கழற்றாமல் நான் ஒரு முற்பகல் முழுவதும் எங்கள் மொட்டை மாடியில் புதையல் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். கழற்றிய பிறகும் கத்தியது. அது கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி.

சிரிக்க வேண்டாம், பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1881இல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே என்று கண்டுபிடிக்க, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். கண்டுபிடிக்க முடியவில்லை. மருத்துவர் வலப்பக்கத்தைத்தான் பார்க்கவிட்டார். மெத்தைக்குள் இருந்த இரும்புக் கம்பிகள் வேறு குழப்பின என்பார்கள். ஆகவே பழைய டிடெக்டரைச் சோதிப்பவர் கட்டில் மேல் வைத்துச் சோதிக்கலாகாது.

பழைய மலிவுக் கருவியால் என்ன கிடைத்துவிடும் என்பது என் மனைவி எழுப்பிய தடை. அதற்கு விடை சகலையின் ஊர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. 1715 ஜூலை இறுதியில் ஸ்பெயினுக்குப் பொன்னும் வெள்ளியும் ஏற்றிச் சென்ற 12 கப்பல்களில் 11 அந்தக் கரையில் புயலில் உடைந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிப் வாக்னர் என்ற கட்டடக்காரருக்கு அங்கே மணலில் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. ஒன்றில்கூட 1715க்குப் பிந்தைய ஆண்டு இல்லை என்று கவனித்தார். ராணுவம் கழித்துப்போட்ட டிடெக்டர் ஒன்றை 15 டாலருக்கு வாங்கிக் கரையெல்லாம் தேடினார். பிறகு கூட்டாளிகளைச் சேர்த்துக் கடலுக்குள் இறங்கினார். அந்தக் கரைக்கு இன்று புதையல் கரை என்றே பெயர். மனைவி இதை முழுவதும் கேட்டுவிட்டு, “அவர் தேடினது கப்பல். இவர் தேடுறது எங்கப்பா போட்ட மோதிரம். கப்பல் பெருசா இருக்கும்” என்றார். இத்தடைக்கு விடை கண்டிலேன்.

சட்டம் குறித்து ஒரு சொல். ஃபுளோரிடாவில் அரசுக் கடலடியில் கிடக்கும் தொல்பொருள் மாநிலத்துக்குச் சொந்தம். பழைய கப்பல் கிடக்கும் இடங்களில் மட்டையோடு போகக்கூடாது. நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அன்று பத்து ரூபாய் ஒரு செல்வம். இன்று ஒரு டீ.

சகலை கடைசியில் வாங்கியது பதினைந்து வருடப் பழைய பல்ஸ் கருவி. 200 அடி தாங்குவது, ஹெட்ஃபோனில் இடது காது மட்டும் கேட்பது. ஓ-ரிங் புதிதாகப் போட்டார். டிஷ்யூ தாள் நனையவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எடுத்தவை: பிய்த்த டப்பா வளையம் 31, தூண்டில் ஈயக்குண்டு 14, கால் டாலர் காசு 3, ஒரு ஸ்பூன், யாரோ ஒருவருடைய கார் சாவி. ஐந்தாம் ஞாயிறு ஒரு பொன் மோதிரம் கிடைத்தது. என்னை அழைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. உள்பக்கம் என்ன முத்திரை என்று கேட்டேன். 585 என்றார். தொலைந்தது 916. திருவாரூரில் சுந்தரருக்கும் முதலில் மாற்றுக் குறைந்துதான் வந்தது. அவர் மறுபடியும் பாடினார். சகலைக்குப் பாட்டு வராது. மாமனாரிடம் கையைக் காட்டாமல் பேசப் பழகிவருகிறார்.

கிடைத்த மோதிரத்தைக் காவல் துறையிடம் தெரிவித்திருக்கிறார். உட்புறம் இரண்டு எழுத்துகளும் ஒரு தேதியும் இருக்கின்றன. வீரோ பீச் பக்கம் மோதிரம் தொலைத்த வாசகர் யாராவது இருந்தால், அந்த எழுத்துகளைச் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். அரைப் பவுன், 916, ஓரத்தில் சிறு மாங்காய் வேலைப்பாடு உள்ள மோதிரம் உங்களுக்குக் கிடைத்திருந்தால் தயவுசெய்து எங்களுக்கும் தெரிவியுங்கள்.