குடும்பக் கார் நடுவழியில் நிற்றல்: திருத்தணி மலைப்பாதையை முன்வைத்து ஒரு காரணவியல் ஆய்வு

ஓடிக்கொண்டிருக்கும் கார், யாரும் சாவியைத் தொடாமலே அணைந்துபோவதையும், சற்று நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் கிளம்புவதையும், அடுத்த பயணத்தில் திரும்பவும் அதையே செய்வதையும் இவ்வாய்வு 'நிற்றல்' என்று குறிக்கும். பெட்ரோல் தீர்ந்து நிற்பது இதில் அடங்காது, அது வறுமை. கிளட்ச்சை வெடுக்கென்று விட்டு நிறுத்துவதும் அடங்காது. அது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் பாடத்திட்டம். பேட்டரி இறங்கிக் கிளம்பாமலே கிடக்கும் கார்களுக்குத் தனி ஆய்வேடு தேவைப்படும். அதை எழுத இன்னொருவர் வருவார்.

ஆய்வுக்களமாகத் திருத்தணியைத் தேர்ந்ததில் தற்செயல் எதுவும் இல்லை. ஊர் சென்னை–திருப்பதி சாலையில் இருக்கிறது. ஏழுமலையானுக்கு முடி நேர்ந்துகொண்டவர்களும், ஐந்தாம் படைவீட்டு முருகனைப் பார்க்க வருபவர்களும் ஒரே தார்ச்சாலையில்தான் வந்தாக வேண்டும். கோடையில் வெயில் கணக்கு வெளியாகும்போது வேலூரும் திருத்தணியும் முதலிடத்துக்கு முட்டிக்கொள்வதைச் செய்தி பார்ப்போர் அறிவர். மலைக்கு, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள் உண்டு. கார் ஏறும் பாதையும் உண்டு. சென்னையிலிருந்து நிற்காமல் ஓடிவந்த என்ஜின், உச்சிவெயிலில், ஐந்து பேருக்கான வண்டியில் ஏழு பேரைச் சுமந்து, முன்னால் ஊரும் வேனின் புகையைக் குடித்தபடி முதல் கியரில் மலை ஏறுகிறது. இத்தனை நிபந்தனைகளையும் ஓர் ஆய்வகத்தில் ஒருசேர உண்டாக்கப் பெரும்பணம் செலவாகும். இங்கே வாகன நுழைவுச் சீட்டோடு வேலை முடிந்துவிடுகிறது.

தலத்திலேயே ஒரு முற்சான்றும் இருக்கிறது. பெரும்பாலான முருகன் கோயில்களில் மயில் சுவாமியைப் பார்த்து நிற்கும். இங்கே நிற்பது யானை. அதுவும் சுவாமிக்கு முதுகு காட்டி, வெளியே பார்த்து. தெய்வானையைக் கொடுத்தபோது இந்திரன் ஐராவதத்தையும் சீராக அனுப்பிவிட்டான், யானை போனபின் அவன் உலகத்தில் வளம் குன்றியது, அதன் பார்வையாவது தன் பக்கம் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டான் என்பது தலபுராணம். மாமனார் சீராகக் கொடுத்த வண்டி மாப்பிள்ளை நினைத்த திசையில் நிற்காது என்பதற்கு இதற்கு முந்தைய பதிவு எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை.

ஆட்சி எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இங்கே நின்ற கார்கள் ஆந்திரத்தில் நின்றவையாகவே கருதப்படும். இன்று எல்லை நகரிக்கு இப்பால். அப்பால் போய் நின்றால் மெக்கானிக் வேறு மொழியில் ஆறுதல் சொல்வார், அவ்வளவுதான் வேறுபாடு.

காரணம் கூறுவோர்

கார் நின்ற முதல் நிமிடத்திலேயே உள்ளே கருத்தரங்கு கூடிவிடுகிறது. கட்டுரையாளர்களை இருக்கை வரிசைப்படி பிரிப்பது வசதி. ஓட்டுபவர் எப்போதும் பங்க்கைச் சொல்வார்: "கலப்படம். அப்பவே நெனச்சேன், அந்த பங்க்ல கூட்டமே இல்ல." பக்கத்து இருக்கையில் இருக்கும் தாய்மாமன் ஒரு காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்தவர். எந்த வண்டி எப்படி நின்றாலும் அவருக்கு அது பிளக். இப்போதைய டீசல் காரில் அவர் தேடும் வகைப் பிளக்கே கிடையாது என்று சொன்னால், "அதான் நிக்குது" என்பார். பின்னிருக்கையில் மாமியார்: "பூஜை போட்டப்பவே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைன்னு சொன்னேன். மூணுதான் நசுங்குச்சி. நான் பார்த்தேன் மாப்ளே." மடியில் இருக்கும் குழந்தை மட்டும் ஒப்பியல் முறையைக் கையாளும்: "தாத்தா கார் நிக்கவே நிக்காதே?" வண்டிக்குள் அதன்பின் நிலவும் மௌனம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இவை எல்லாவற்றையும்விட வலுவானதும், களத்தில் பல குரல்களில் கேட்கக்கூடியதுமான கோட்பாடு ஒன்று உண்டு. அதுவே இவ்வாய்வின் மையம். அதன்படி, பொது வரிசையில் நின்று வேர்த்து விறுவிறுத்துச் சாமி பார்த்தவர்களின் கார் மலையிறங்கும்போது நிற்பதில்லை. சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிக் குறுக்கே போய்ப் பார்த்துத் திரும்பியவர்களின் கார்தான் கிளம்ப மறுக்கிறது. கிளம்பினாலும் முதல் வளைவுக்குள் அணைந்துவிடுகிறது. படியேறிப் போனவர்களின் கார் அடிவாரத்திலிருந்து ஒரே செல்ஃபில் கிளம்புகிறது. ஆகவே முருகன் குறுக்கு வழியை விரும்புவதில்லை.

சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. இதில் தரவு சரியாகவே இருக்கிறது. குறிப்பாகப் பழைய வண்டிக்காரர்கள் இதைச் சத்தியம் செய்து சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. பிழை இருப்பது வேறிடத்தில். நியாய சாத்திரக்காரர்கள் இதற்காகவே ஒரு கழுதையை வளர்த்திருக்கிறார்கள். குடம் உண்டாவதற்கு முன் மண் வந்தது, மண்ணைக் கழுதை சுமந்து வந்தது. ஒவ்வொரு முறையும் கழுதை முன்னால் நின்றது. அதற்காகக் கழுதையைக் குடத்தின் காரணம் என்று சொல்வாயா என்று கேட்டு, அதை அன்யதாசித்தம் என்று ஒதுக்கினார்கள். காரியத்துக்கு முன் வந்து நிற்கும், ஆனால் அதை உண்டாக்காது. 1888இல் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனைப் பெற்று உலகத்துக்கு இந்தியத் தத்துவம் சொல்லிக்கொடுத்த ஊரில், சிறப்பு தரிசனச் சீட்டு குயவனின் கழுதையா, அல்லது குயவனேதானா என்ற கேள்வியை யாரும் எழுப்பாமல் விட்டது வியப்பே.

பத்மினி காலம்

விடை பெட்ரோலுக்குள் இருக்கிறது. அது ஒரே திரவம் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கூட்டுக்குடும்பம். இளையவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகி வெளியேறப் பார்க்கும். மூத்தவை 200 டிகிரி வரை இடத்தை விட்டு அசையாது. மும்பை குர்லாவில் ஃபியட் 1100 ஆகப் பிறந்து, 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்ட காரில் பெட்ரோல் பம்ப் என்ஜினின் விலாவிலேயே ஒட்டியிருக்கும். டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுப்பது அதன் வேலை. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு; அழுத்தம் குறைந்தால் திரவம் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். சூடு மிஞ்சினால் குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவிக்குமிழிதான் இருக்கும். பம்ப் குமிழியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர கார்பரேட்டருக்கு ஒரு சொட்டும் போகாது. எல்லா ஷெட்டிலும் இதற்குப் பெயர் ஏர் லாக்.

இங்கேதான் சீட்டு வருகிறது. மலை ஏறி முடித்து என்ஜினை அணைத்தவுடன் அது ஆறத் தொடங்குவதாக எல்லோரும் நினைக்கிறோம். பானெட்டுக்குள் நடப்பது நேர்மாறு. விசிறி நின்றுவிட்டது, தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டது, முகத்தில் அடித்த காற்றும் இல்லை. இரும்புக்குள் தேங்கிய சூடு மெல்ல வெளியே கசிந்து பம்பையும் கார்பரேட்டரையும் பிடிக்கிறது. அணைத்த பிறகு இருபது முப்பது நிமிடம் வரை அவற்றின் சூடு ஏறிக்கொண்டே போகும். சிறப்பு தரிசனம் முடிந்து, விபூதி பூசி, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு காருக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? ஏறக்குறைய அவ்வளவுதான். பெட்ரோல் கொதித்துக்கொண்டிருக்கும் சரியான முகூர்த்தத்தில் வந்து செல்ஃப் அடிக்கிறார்கள். பொது வரிசைக்காரர் இரண்டு மணி நேரம் கழித்து வருகிறார். அதற்குள் எல்லாம் ஆறி, ஆவி திரும்பவும் திரவமாகியிருக்கும். படியேறியவரின் கார் மலையே ஏறவில்லை; போதாததற்கு, அவர் ஏறி, தரிசித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும் வரை அது அடிவாரத்தில் ஓய்வெடுத்திருக்கிறது.

அமெரிக்காவிலும் இதற்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரக் கதை நெடுங்காலமாக உலவுகிறது. வெனிலா ஐஸ்கிரீம் வாங்கினால் மட்டும் ஒருவரின் கார் கிளம்பாதாம்; வெனிலா கடை வாசலிலேயே சீக்கிரம் கிடைத்ததுதான் காரணமாம். அது நடந்ததற்குச் சான்று இல்லை. நம்முடையதற்குச் சான்று மலைமேல் நிறுத்துமிடத்தில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

சிகிச்சை எளியது. பொதட்டூர்ப்பேட்டை லுங்கியில் கிழித்த ஒரு துண்டை நனைத்துப் பம்பின் தலையில் போட வேண்டும். போட்டதும் 'சுஸ்' என்று ஒரு சத்தம், லேசான பெட்ரோல் வாடை. துணி ஓரத்தில் ஆவி பறப்பது நிற்கும் வரை பொறுக்க வேண்டும். அனுபவசாலிகள் துணியைக் கட்டியபடியே வண்டியை ஓட்டுவார்கள். நகரி மெக்கானிக்கும் இதையேதான் சொல்வார்: "ஏம் காதண்ணா, சல்லாரனீ." ஒன்றுமில்லை அண்ணா, ஆறட்டும். குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக என்ஜின் மேல் கொட்டுபவர்கள் இவ்வாய்வின் அடுத்த பதிப்புக்குப் புதிய தரவு தருவார்கள். சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

சென்சார் காலம்

2000ஐ ஒட்டிக் கார்பரேட்டர்கள் விடைபெற்று, எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பம்ப் என்ஜினை விட்டு விலகி டாங்கிக்குள்ளேயே மூழ்கிக்கொண்டது. இப்போது அது உறிஞ்சுவதில்லை, ஏறத்தாழ மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. ஏர் லாக் ஒழிந்தது, ஈரத்துணி ஓய்வுபெற்றது. அத்தோடு சிறப்பு தரிசனக் கோட்பாடும் செத்திருக்க வேண்டும் அல்லவா?

சாகவில்லை. என்ஜின் சுற்றுவதைப் பார்த்துக் கணினிக்குச் சொல்ல கிராங்க் சென்சார் என்று விரல் நீளத்தில் ஒன்று இருக்கிறது. வயதாகிவிட்டால் அதன் உள்ளே இருக்கும் சுருள் சூட்டில் தொடர்பறுந்து, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அது பேச்சை நிறுத்தினால் என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே கணினிக்குத் தெரியாது. பெட்ரோலையும் பொறியையும் நிறுத்திவிடும். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு அடையாளம் உண்டு: வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும், கியரும் விழுந்தே இருக்கும், ஆனால் ஆர்.பி.எம். முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்தில் படுத்துவிடும். சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். தொழில்நுட்பம் முழுதாக மாறியும் முருகனின் நிலைப்பாடு மாறவில்லை என்று பக்தர்கள் கொண்டதில் தவறு காண முடியாது. ஐடிலிங்கில் மட்டும் அணையும் வண்டிகள் வேறு இனம். அவற்றில் பெரும்பாலும் த்ராட்டில் வாயில் படிந்த கரியைத் துடைத்தாலே போதும். 2025இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியபின் பழி எல்லாம் அதன் மேல் விழுகிறது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்க்கு அது ஆகாது என்பது உண்மை. ஆனால் 2015இலேயே நின்றுகொண்டிருந்த கார்களும் இப்போது எத்தனால்மேல் புகார் சொல்கின்றன.

சாவிக்கொத்தைப் பற்றி ஒரு சொல், இது வேடிக்கை இல்லாதது. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் சுவிட்ச் தளர்ந்து, கனமான சாவிக்கொத்தின் எடையிலோ ஒரு குலுக்கலிலோ தானாகத் திரும்பி, ஓட்டத்திலேயே என்ஜினை அணைத்தது. ஏர்பேக்கும் அத்தோடு செயலிழந்தது. 124 மரணங்களுக்கு இழப்பீட்டு நிதியம் பொறுப்பேற்றது. சரிசெய்யும் வரை தனிச்சாவியை மட்டும் போடுங்கள் என்பதே உரிமையாளர்களுக்குச் சொன்ன அறிவுரை. நம் வண்டிகளில் அந்தச் சுவிட்ச் இல்லை. ஆனாலும் அடிவாரக் கடையில் வாங்கிய பித்தளை வேல், பீரோ சாவி, மேல்வீட்டுச் சாவி, எதற்கென்றே தெரியாத இரண்டு சாவிகள் ஆகியவற்றை ஒரே வளையத்தில் தொங்கவிடும் வழக்கத்தை ஆய்வாளர் பரிந்துரைக்கவில்லை. இறக்கத்தில் என்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கல்லாகும். பிரேக் இரண்டொரு மிதிக்குப் பின் கனத்துவிடும். நியூட்ரலில் உருட்டி இரண்டாம் கியரில் பிடித்துக் கிளப்புவேன் என்று தாய்மாமன் முன்வந்தால் மலைப்பாதையில் மட்டும் அனுமதிக்க வேண்டாம்.

ஷெட்டில் நிற்காமை

மெக்கானிக் முன்னால் வண்டி நிற்காது என்பது இத்துறையின் முதல் விதி. "சார், அரக்கோணம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன், வண்டி தேன் மாதிரி போவுது. நின்னா கொண்டாங்க." இதன் தருக்க அமைப்பு அசைக்க முடியாதது. நின்றால் கொண்டுவர முடியாது. கொண்டுவர முடிந்தால் அது நிற்கவில்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாலும், விட்டுவிட்டு வரும் கோளாறு சில சமயம் எதையும் எழுதிவைப்பதில்லை. எனவே ஒரு பாகத்தை மாற்றுகிறார்கள். அடுத்த பயணம் மார்கழியில் அமைந்தால் அந்தப் பாகம்தான் குற்றவாளி என்று முடிவாகிறது, சித்திரையில் மேல்முறையீடு.

கோட்பாட்டை முடிவாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சிறப்புச் சீட்டு வாங்கித் தரிசனத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, காரைத் தொடாமல் மலைமேலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு கிளப்பிப் பார்க்க வேண்டும். கிளம்பினால் குற்றம் சூட்டினது, கிளம்பாவிட்டால் சீட்டினது. ஆய்வாளர் தம் குடும்பத்தாரிடம் இத்திட்டத்தை முறைப்படி முன்வைத்தார். மாமியார் முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"காசு குடுத்து சீக்கிரம் பார்த்துட்டு வந்து வெயில்ல சும்மா உக்காரதுக்கு, அந்த ஒன்றரை மணி நேரம் வரிசையிலயே நின்னா புண்ணியமாவது வரும் மாப்ளே. மேல ஃபேன் வேற போட்டிருக்கான்."

சோதனைக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. அடுத்த கிருத்திகைக்குப் பொது வரிசை என்று முடிவாகியிருக்கிறது.