நாய்க்கு மருந்து, பூனைக்கு நஞ்சு

கேள்வி: எங்கள் லயன் வீட்டில் நாய்க்கும் பூனைக்கும் உண்ணித் தொல்லை. நாய்க்கு வாங்கிய மருந்தில் மீந்ததைப் பூனைக்கும் தடவலாமா?
– ஒரு வாசகர், நந்திதுர்க், கோலார் தங்கவயல்

பதில்: சிக்கனம் சிரேஷ்டமான குணந்தான், ஆயினும், நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் கலந்துள்ள பெர்மெத்ரின் என்னும் வஸ்து, நாயின் தேகத்தில் சாதுவாயிருந்து உண்ணியை மட்டும் சம்ஹாரம் செய்தாலும், அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாமையால், நடுக்கமும் வலிப்பும் கண்டு பூனையின் பிராணனுக்கே அபாயம் நேரக்கூடும். பூனைக்கென்றே உள்ள மருந்தை, வைத்தியர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் இடுங்கள்; இரண்டும் சேர்ந்து படுக்கும் சிநேகிதர்களானால், நாயின் மேல் தடவிய மருந்து காயும்வரை பிரித்து வையுங்கள்.

2001-இல் சுரங்கங்கள் மூடியதோடு தங்கள் ஊரில் தோண்டும் தொழில் நின்றுவிட்டதாக உலகம் எண்ணுகிறது. உண்ணி அவ்வாறு எண்ணவில்லை. காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி என்று இடம் பார்த்து இறங்கி, வயிறு புடைத்ததும் கீழே உதிர்ந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே சுவருக்கும் சிகிச்சை வேண்டும். ஒட்டியதைச் சாமணத்தால் தோலோரம் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெயும் வேண்டாம். 1957-இல் அன்றைய மைசூர் ராஜ்யத்துக் க்யாசனூர்க் காட்டில் குரங்குகளை மடித்து மனிதரையும் பீடித்த ஜுரத்தைப் பரப்பியது உண்ணிதான். தங்கள் வீட்டு உண்ணி வேறு ஜாதி எனினும், நாய்க்கு ஜுரமும் ரத்தசோகையும் தர வல்லது.

பூனைக்கு ஏற்கெனவே தடவியாயிற்றென்றால், இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிராமல், பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு அதைக் கழுவி, கால்நடை வைத்தியரிடம் உடனே எடுத்துச் செல்லுங்கள்.