பால் டின்னும் ஆறாம் நிலையும்

என்னா தம்பி வாத்தியாரே, மூஞ்சி தொங்குது? தரம் எழுதுறியா? எழுது, எழுது. உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், அடைவுநிலை. எங்க காலத்துல இந்தக் குளுவாங் பக்கத்துத் தோட்டத்துல ரப்பர் ஷீட்டுக்குத்தான் தரம் பிரிப்பாங்க. இப்போ புள்ளைக்கும் வந்துருச்சு.

1988ல வந்த ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். சோதனைய 2021ல தூக்கிட்டாங்க. நான் ஒண்ணும் அழல. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது"ன்ற பழமொழியவே பொருளோட மனப்பாடம் பண்ணி ஒப்பிச்ச புள்ளைங்கள பார்த்தவன் நான்!

சோதனை போச்சு, ஒப்பிக்கிறது போச்சா? 2011ல வந்த கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்துல ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் நிலை. ஆறாம் நிலைன்னா புள்ள புதுசா யோசிச்சு, மத்தவங்களுக்கு முன்மாதிரியா நிக்கணும். நல்ல விசயந்தானே? எழுதுனவன் மடையன் இல்ல. நாம என்னா பண்றோம்? மணிலா அட்டையில பூ ஒட்டி, புள்ள கையில குடுத்து, "சிரிடா"ன்னு போட்டோ புடிச்சு, கோப்புல சொருகுறோம். யோசிச்சாச்சு! பூவ வெட்டுனது யாரு? அவங்க அம்மா.

எம் பேத்தி நாலாம் ஆண்டு. ஒரு லிட்டருக்கு எத்தன மில்லிலிட்டர்னு கேட்டு வாய மூடல, ஆயிரம்னா. கெட்டிக்காரி. "இந்தப் பால் டின்னுல எத்தன தடவ ஊத்துனா ஒன்றரை லிட்டர் போத்தல் நெறையும்?"னேன். முழிச்சா.

"தாத்தா, இது பாடத்துல இல்ல."

இல்லாம எங்க போவும்? அந்த டின்னுலதான் தோட்டத்துல அரிசியே அளந்தோம். குழாயடிக்கு அனுப்புனேன். பத்து தடவன்னு சொல்லிட்டுப் போனவளுக்கு நாலாவதுலயே தண்ணி வழியுது. அவ தம்பிக்காரன் ஊத்துனான். அவனுக்கு நாலு பத்தல. புடிச்சது சண்டை. "நீ டின்ன முழுசா நெறைக்கல." "நீ மட்டும் கீழ சிந்துன." கடைசியில கோடு போட்ட ஜாடிய அவளே தேடி எடுத்தாந்து, டின்ன அளந்து, வகுத்துப் பார்த்தா. யாரு சொல்லிக் குடுத்தா? ஒருத்தனும் இல்ல. நான் உக்காந்து கோப்பி குடிச்சேன்.

அது எந்த நிலைன்னு நீ புத்தகத்தப் பார்த்துச் சொல்லு. போட்டோ கேக்காத, இல்ல.

நாளைக்கு மணிலா அட்டைய வச்சிட்டு ரெண்டு பால் டின்னு கொண்டு போ. வகுப்பு ஈரமாவும். தலைமையாசிரியர் கத்துவாரு, கத்தட்டும். கோப்பு மட்டும் நனையாம பாத்துக்க.