காயின் அண்ணன்

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயிலை விட்டு இறங்கி மீன் மார்க்கெட் பக்கம் நடந்தால், ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் அவரைப் பார்க்கலாம். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் செல்போன். திரையின் பச்சையும் சிவப்பும் முகத்தில் மாறி மாறி அடிக்கும். பெயர் எதுவானாலும் பேட்டைக்கு அவர் காயின் அண்ணன்.

அவருடைய கொள்கை எளிது. "பிட்காயினுக்கு அரசாங்கமே தேவையில்லை. மொத்தமே 2 கோடியே 10 லட்சம் காயின்தான். ரிசர்வ் பேங்க் கவர்னரே நினைச்சாலும் கூட ஒண்ணு அச்சடிக்க முடியாது!" சொல்லி முடித்த மறுநிமிடம், ரிசர்வ் வங்கி புதிதாக ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தேடுவார். அரசாங்கம் வேண்டாம் என்கிற இவரளவுக்கு அரசாங்கத்தை உற்றுப் பார்ப்பவர் கோட்டையிலும் கிடையாது.

கல்யாண நாள் மறந்துபோகும். சுற்றறிக்கைத் தேதி மறக்காது. 2018 ஏப்ரல் 6: வங்கிகள் காயின் வியாபாரத்துக்குத் துணைபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்ன நாள். அண்ணன் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. 2020 மார்ச் 4: உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். "நம்ம ஐகோர்ட்டுப்பா!" என்று அன்று கடையில் எல்லாருக்கும் டீ. 2021 நவம்பர் 23: தனியார் கிரிப்டோக்களைத் தடுக்க மசோதா வருகிறது என்ற செய்தி. வெளிநாட்டில் விழுந்ததைவிட இந்தியச் சந்தைகளில் விலை பலமாக விழுந்தது. கூடவே அண்ணனும்.

மீன் விற்கும் ஆயாவுக்கு ஒரு சந்தேகம். "ஏன் நைனா, வருசா வருசம் 61 நாள் கடலுக்குப் போவக்கூடாதுன்னு கவர்மென்ட்டு தடை போட்டா எங்க வஞ்சிரம் வெலை ஏறுது. உன் காயினு மட்டும் ஏன் சாயுது?"

"ஆயா, அந்தத் தடை மீன் பிடிக்கிறவனுக்கு. தின்றவன் வாய்க்கு யாரும் பூட்டு போடலையே! எங்க தடை வாங்குறவனுக்கு. சரக்கு அப்படியே இருக்கு, வாங்க ஆள் இல்லைன்னா கிடைச்ச வெலைக்குத் தள்ளிட்டு ஓடுவான்."

"அப்ப உனுக்கும் கவர்மென்ட்டு வேணும்னு சொல்லு."

அண்ணன் சீனாவுக்குத் தாவினார். 2021 செப்டம்பரில் சீனா காயின் வியாபாரம் முழுவதையும் சட்டவிரோதம் என்றது. நவம்பரிலேயே பிட்காயின் 69,000 டாலரை எட்டியது. உண்மைதான். ஒரு நாட்டின் தடையை உலக விலை தாங்கிக்கொள்கிறது. தாங்க முடியாதவர்கள் அந்த நாட்டுக்காரர்கள்.

அந்த மசோதா வரவேயில்லை, வரிதான் வந்தது. 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீதம். விற்கும்போதே 1 சதவீதம் பிடித்தம். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அண்ணன் பேப்பரில் போட்டுக் காட்டுவார்: "இதுல ஒரு லட்சம் லாபம், அதுல ஒரு லட்சம் நஷ்டம். கையில பூஜ்யம். வரி முப்பதாயிரம். செஸ் தனி." வெளிநாட்டுச் சந்தைக்குப் போய்ப் பார்த்தார். 2024 ஜனவரியில் அவற்றில் பலவற்றையும் அரசு முடக்கியது.

2025 அக்டோபரில் மறுபடி டீ. வசீர்எக்ஸ் சந்தையில் நடந்த திருட்டுக்குப்பின் காயின் முடங்கிப்போன ஒருவரின் வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். அண்ணன் வீட்டுக்கு ஓடினார்.

"சொத்துன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு!"

"பத்திரம் எங்கே?" என்றார் அண்ணி.

"பத்திரம் கிடையாது, பாஸ்வேர்டு."

"சரி, அது எங்கே?"

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அண்ணனை ஒதுக்கிவிடாதீர்கள். பட்ஜெட் உரையைக் கேட்க நேரமில்லை என்றால் பிப்ரவரி 1 சாயங்காலம் பேட்டைக்குப் போங்கள். பிரிவு பிரிவாக, இலவசமாக விளக்குவார். காயின் வாங்கலாமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுவார்.